கேள்வி கேட்காத இடம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அப்பாவும் எப்படி இருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தான் இங்கே சோறு தொண்டையில இறங்கும்.

ஒருவழியா சுரங்க முகாமுக்கு வந்து சேர்ந்தாச்சு. தகரக் கொட்டகை, ரெண்டடுக்குக் கட்டில். எனக்கு மேல்கட்டில். கீழே ஒரு வெல்டர். அவர் விடுற குறட்டைக்குத் தனியா சம்பளமே கொடுக்கலாம். நான் பம்ப் மோட்டார்களைப் பார்த்துக்கணும். மோட்டார் நின்னா சுரங்கத்துல தண்ணி ஏறிடும். அதனால மாத்து ஆள் வராம யாரும் லீவுல போக முடியாது. போன் ஒண்ணே ஒண்ணு, மேனேஜர் ரூம்ல இருக்கு. பேசினா பின்னாடி நிக்கிற வரிசை முழுக்க நம்ம வீட்டுக் கதையைக் கேட்கும். பாதி நாள் லைனும் கிடைக்காது. தபால் வண்டிதான் நம்பகம்.

இங்கே முதலுதவி அறைன்னு ஒண்ணு இருக்கு. அதுல ஒரு கம்பவுண்டர். தலைவலின்னாலும் மஞ்சள் மாத்திரை, கால்ல ஆணி ஏறினாலும் அதே மஞ்சள் மாத்திரை. அதைப் பார்த்ததும் எனக்கு அப்பா கவலை வந்துடுச்சு. பெரிய ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம், ஊர்க்கோடியில. அப்பா எங்கேயாவது வழுக்கி விழுந்தா அவ்வளவு தூரம் தூக்கிட்டு ஓட முடியுமா? நம்ம வீட்டைச் சுத்தி நேரா உள்ளே போய்ப் பார்த்துட்டு வர்ற மாதிரி சின்னச் சின்ன கிளினிக் வந்திருக்கே. எங்கே பொறுப்பா பார்க்கிறாங்க, எங்கே ஏனோதானோன்னு பார்க்கிறாங்கன்னு விசாரிச்சு மார்க் போட்டு எழுது. உனக்கு மார்க் போடுறதுன்னா பிடிக்குமே. நான் போட்ட டீக்கே பத்துக்கு மூணு கொடுத்தவ நீ.

அப்பாகிட்ட நான் கேட்டதா சொல்லு. யாருன்னு கேட்டா, சின்னவன்னு சொல்லு.

இப்படிக்கு,
வாலு


பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்குப் பசி நன்றாக எடுக்கிறது, தூக்கம்தான் கோழித் தூக்கம்.

விசாரிக்கச் சொன்னாய். விசாரிக்காமலேயே நேரில் போய்ப் பார்க்கும்படி ஆகிவிட்டது. வாசல் கதவில் என் இடது கை விரல் நசுங்கிவிட்டது. பதறாதே. எலும்பு தப்பித்தது, நகம்தான் போகும். தைக்கிறவளுக்கு ஒரு நகம் போனால் குடி முழுகிவிடாது.

அடுத்த தெரு மருந்துக்கடைக்கு மேலே ஒரு கிளினிக் இருக்கிறதே, அங்கே போனேன். டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"விரல் நசுங்கிடுச்சு டாக்டர்."

கையை நீட்டினேன். அவர் பார்க்கவில்லை. "ஒரு ஊசி போட்டுக்குங்க. கீழே மாத்திரை வாங்கிக்குங்க." அவ்வளவுதான் வைத்தியம். அவருக்கு உச்சந்தலையில் வழுக்கை இருப்பது எனக்குத் தெரியும். எனக்கு முகம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது.

பத்துக்கு நாலு. அதுவும் வேகத்துக்காக. எப்படி ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு வகையில் அதுவும் நிம்மதிதான்.

அப்பா தினமும் காலையில் பழைய யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு வண்டி எடுக்கக் கிளம்புகிறார். பஸ் டிப்போவை இடித்துக் கடைகள் கட்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்றால் காதில் வாங்குவதில்லை. "முதல் வண்டி என்னோடது. ஜனங்க நிப்பாங்க" என்கிறார். நான் வாசலை மறித்துக்கொண்டு, இன்றைக்கு உங்களுக்கு லீவு என்பேன். சில நாள் நம்புகிறார். சில நாள் நம்புவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்த மஞ்சள் மாத்திரையைத் தொடாதே.

உன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். விரல் எப்படி இருக்கு? கதவைச் சாத்துறப்போ விரலை எங்கே வெச்சிருந்தே, கண்ணுலயா?

நீ எழுதினதை வெல்டருக்குப் படிச்சுக் காட்டினேன். வழுக்கை டாக்டர் கதைக்கு விழுந்து விழுந்து சிரிச்சார். அப்பா யூனிஃபார்ம் விஷயத்துக்கு மட்டும் ரெண்டு பேருமே சிரிக்கல. எவ்வளவு சாதுவான மனுஷன்! நாம ரெண்டு பேரும் வீட்டையே தலைகீழாப் புரட்டினப்போகூட ஒருநாள் கை ஓங்கினதில்லையே. வண்டியில ஒரு ஆட்டுக்குட்டி அடிபட்டதுக்கு ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தவர்.

கடைத்தெருவுல கண்ணாடிக் கதவு போட்டு ஒரு கிளினிக் திறந்தாங்களே, அது எப்படின்னு கேட்டு எழுது. அதுக்காக இன்னொரு விரலை நசுக்கிக்காதே.

வாலு


ஏப்ரல் 12

அன்புத் தம்பிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. மற்றபடி நலம். அப்பாவும் நலம்.

நீ கேட்ட கண்ணாடிக் கதவுக்கே போய்வந்தேன். உள்ளே போனதும் குளுகுளுவென்று இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"விழுந்தீங்களா மேடம், இடிச்சுக்கிட்டீங்களா?"

"விழுந்தேன்."

"பாத்ரூமா, கிச்சனா?"

பாத்ரூம் என்றேன். அவள் சொன்ன இரண்டில் அதுதான் பொருத்தமாகப் பட்டது. அவள் அழகாகச் சிரித்து அதையே கம்ப்யூட்டரில் தட்டினாள்.

டாக்டர் சின்னப் பையன் போல் இருந்தார், மரியாதையாகப் பேசினார். எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டு, கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கவிட்டார். வலி குறைந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் கிளம்பும்போது இன்னொரு பெண் வந்து முழு உடம்புக்கும் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லி விடாமல் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டோடு போனவளிடம் கல்லீரல் வரைக்கும் பேரம் பேசினார்கள். பத்துக்கு ஆறு.

நான் போய்வரும் வரை எதிர்வீட்டு அக்கா அப்பாவோடு இருந்தார். இனிமேல் அவரைக் கேட்க முடியாது. அவருக்கும் வீட்டில் தலைக்கு மேல் வேலை.

தைக்கக் கொடுத்த துணியெல்லாம் மூட்டையாகக் கிடக்கிறது. கை சரியாகட்டும். உனக்கு எப்போது லீவு கிடைக்கும்? சும்மாதான் கேட்டேன்.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கோணல் எழுத்தைப் பார்த்ததும் மனசு என்னவோ பண்ணுச்சு. பாத்ரூம்ல சொரசொரப்பா ஒரு ரப்பர் விரிப்பு வாங்கிப் போடு. அப்பாவும் அங்கேதானே குளிக்கிறார்.

லீவு கேட்டுட்டேன். மாத்து ஆள் வந்தா ஆகஸ்ட்ல அனுப்புறேன்னு மேனேஜர் சொல்றார். அந்த ஆள் வருவானான்னு அவருக்கே தெரியல.

எதிர்வீட்டு அக்கா ஏன் திடீர்னு கழண்டுக்கிட்டாங்க? நம்ம வீட்டுலயே பழியா கிடப்பாங்களே. ஏதாவது மனஸ்தாபமா? எழுது.

வாலு


மே 31

அன்புத் தம்பிக்கு,

சௌக்கியம். விரிப்பு வாங்கிவிட்டேன். மனஸ்தாபம் ஒன்றுமில்லை.

மூன்றாவது கிளினிக்கையும் பார்த்தாயிற்று. அலமாரிக் கதவு இடித்துப் புருவத்துக்கு மேலே கிழிந்துவிட்டது. ரத்தம் கண்ணில் வழிந்ததால் தூரமாகப் போக முடியவில்லை. நம் கட்டிடத்துக்குப் பின்னால் பழைய தீயணைப்பு நிலையம் இருக்கிறதே, அதை இப்போது இலவச கிளினிக்காக மாற்றியிருக்கிறார்கள். வண்டி நின்ற இடத்தில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். நல்ல கூட்டம். ஆனாலும் ரத்தத்தைப் பார்த்ததும் எல்லோரையும் தாண்டி என்னை முதலில் கூப்பிட்டார்கள்.

அங்கே ஒரு டாக்டரம்மா. அவருக்கே பயங்கர ஜலதோஷம். மூக்கைத் துடைத்துத் துடைத்து, கையைக் கழுவிக் கழுவித் தைத்தார். "வலிச்சா சொல்லும்மா, நிறுத்தறேன்" என்றார். சொன்னேன். நிஜமாகவே நிறுத்தினார். அப்படி ஒரு டாக்டரை நான் பார்த்ததில்லை. தையலும் நான் போடுவது போலவே நெருக்கமாக, சீராக இருக்கிறது.

ஆனால் வாய் அதிகம். தேவையில்லாததை எல்லாம் கேட்கிறார். பக்கத்தில் இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கிறார். அதனால் பத்துக்கு ஐந்து. அப்பாவை அங்கே அழைத்துப் போக வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மழைக்காலம் வருகிறது. நனையாமல் இரு.

அக்கா


ஜூன் 21

அக்கா,

நான் நல்லாத்தான் இருக்கேன். நீ நல்லா இல்லைன்னு எனக்குத் தோணுது.

வழக்கம்போல உன் கடுதாசியை வெல்டருக்குப் படிச்சுக் காட்டினேன். ஜலதோஷ டாக்டரம்மா கதைக்குச் சிரிப்பார்னு பார்த்தேன். அவர் சிரிக்கல. "உங்க அக்காவை யாருய்யா அடிக்கிறது?"ன்னு கேட்டார். நான் சட்டையைப் பிடிச்சுட்டேன். நாலு பேர் வந்து விலக்கிவிட்டாங்க. அவர் கோபப்படவே இல்ல. "கோபத்தை விட்டுட்டு, முதல்ல இருந்து படிச்சுப் பாரு"ன்னு மட்டும் சொன்னார்.

படிச்சேன். நான் கிளினிக்கைப் பத்திக் கேட்டது அப்பாவுக்காக. அப்பாவை நீ ஒரு இடத்துக்கும் கூட்டிட்டுப் போகல. ஒவ்வொரு தடவையும் நீதான் போயிருக்கே. வலிச்சா நிறுத்தற டாக்டருக்கு அஞ்சு மார்க். சிரிச்சுக்கிட்டே கேட்டு, எதையும் கண்டுக்காத இடத்துக்கு ஆறு.

அப்பாவா அக்கா?

ஆமான்னா, உன்னை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவர் அவராவே இல்லைங்கிறது எனக்குத் தெரியாதா? சந்தைக்குப் பின்னாடி பெரியவங்களைப் பார்த்துக்கிற இல்லம் ஒண்ணு இருக்கே, நான் வர்ற வரைக்கும் அங்கே விட்டு வை. இல்லைன்னா அந்த டாக்டரம்மாகிட்ட போய் உள்ளதைச் சொல்லு. அவங்க ஏதாவது வழி சொல்லுவாங்க.

உடனே பதில் போடு.

வாலு


ஜூலை 16

அக்கா,

ரெண்டு தபால் வண்டி வந்துட்டுப் போயிடுச்சு. உன் கடுதாசி இல்ல. நேத்து வரிசையில நின்னு போன் பண்ணினேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கல. பயமா இருக்கு. ஒரு வரி போதும், எழுது.

வாலு


ஆகஸ்ட் 3

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. உட்கார்ந்துகொண்டு படி. அப்பா போய்விட்டார்.

உனக்குச் சொல்ல எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் நாள் முழுக்க முயன்றார். மழையில் உங்கள் பக்கம் லைன் விழுந்துவிட்டது என்றார்கள். அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. எல்லாக் காரியமும் முடிந்துவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில், ஆமாம். அப்பாதான். என் விரல் இருப்பது தெரியாமல் கதவை அறைந்து சாத்தினார். வழியை மறித்ததற்கு என் கையை முறுக்கினார். எதிர்வீட்டு அக்காவையும் சுவரோடு தள்ளினார், அதனால்தான் அவர் வரவில்லை. என் புருவத்தில் பட்டது அப்பாவின் மோதிரம். அந்த டாக்டரம்மா தைக்கும்போது, "அலமாரி மோதிரம் போட்டிருக்குமாம்மா?" என்று கேட்டார். தையல் முடிந்ததும், "இன்னொரு தடவை இப்படி வந்தா சும்மா அனுப்ப மாட்டேன். வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்வேன்" என்றார்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீ அந்த இல்லத்தைச் சொல்வாய் என்று தெரியும். நீ சொல்வதற்கு முன்பே நான் போய்ப் பார்த்துவிட்டேன். எழுந்து நடமாடுகிறவர்களைத் துணியால் கட்டிலோடு கட்டிப்போடுகிறார்கள். ஒருத்தர் என்னைப் பார்த்து, "அவுத்து விடும்மா" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

அன்றைக்கும் அப்பா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டார். நான் கதவைப் பூட்டியிருந்தேன். பூட்டை நெம்ப என் பெரிய கத்திரிக்கோலை எடுத்தார். தம்பி, இதை நீ நம்ப வேண்டும், என்னைக் குத்துவதற்கு அவர் அதை எடுக்கவில்லை. நான்தான் பிடுங்கப் போனேன். முழங்கைக்குக் கீழே நீளமாக வெட்டிவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் கத்திரிக்கோலைக் கீழே போட்டுவிட்டார். என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். "ஐயோ, இப்படி அடிபட்டிருக்கே. யாரும்மா பண்ணது?" என்று கேட்டார். தன் துண்டை எடுத்து அவரே சுற்றிவிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போம்மா, தாமதிக்காதே" என்றார்.

அவரை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். தீயணைப்பு நிலையத்தின் வாசலைத் தாண்டித்தான் பஸ் ஏறினேன். உள்ளே டாக்டரம்மாவின் குரல் கேட்டது. போனால் கேட்பார், ஆள் அனுப்புவார், அப்பாவைக் கொண்டுபோய்க் கட்டிப்போடுவார்கள். அதனால் பாலத்துக்கு அந்தப் பக்கம், என்னை யாருக்கும் தெரியாத ஒரு கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே துண்டை அவிழ்த்துப் பார்க்காமலேயே சாதாரணக் காயம் என்று டோக்கன் கொடுத்தார்கள். உட்கார்ந்தபோது காலடியில் இருந்த வெயில், என்னைக் கூப்பிட்டபோது எதிர்ச்சுவரில் ஏறியிருந்தது. துண்டு முழுக்க நனைந்துவிட்டது. தைத்தவர் போனைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டே தைத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு வேண்டியதும் அதுதானே.

திரும்பி வந்தபோது கட்டிடத்துக்குக் கீழே கூட்டம். அப்பா சமையலறை பால்கனி வழியாக இறங்கப் பார்த்திருக்கிறார். மூன்றாம் மாடி. அக்கம்பக்கத்தவர்கள் போர்வையில் ஏந்திப் பின்னால் இருந்த தீயணைப்பு நிலையத்துக்கே கொண்டுபோயிருந்தார்கள். நான் ஓடினேன். டாக்டரம்மா தரையில் முட்டிபோட்டு அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு நினைவு இருந்தது.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டார்.

"ஏறியாச்சு ஐயா" என்றார் டாக்டரம்மா.

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். அப்பா பாலத்தைத் தாண்டவில்லை.

நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது.

அக்கா


ஆகஸ்ட் 24

அக்கா,

உன் கடுதாசி கிடைச்சது. எழுதி எழுதிக் கிழிச்சேன்.

வீட்டுக்குப் பின்னாடியே நல்ல டாக்டர் இருக்கிறப்போ பஸ் ஏறிப் போவியா? போனதுதான் போனே, அந்த பால்கனிக் கதவையாவது பூட்டியிருக்கக் கூடாதா?

மாத்து ஆள் வந்ததும் வர்றேன்.

தம்பி


செப்டம்பர் 18

அன்புத் தம்பிக்கு,

உன் உடம்பைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை. நலமாக இருப்பாய் என்று நானே எண்ணிக்கொள்கிறேன்.

பால்கனிக் கதவைப் பற்றிக் கேட்டாய். அன்று காலை துணி காயப்போட அதைத் திறந்தேன். பூட்ட மறந்துவிட்டேன். கை அப்படி இருக்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. நீ கோபப்பட்டதில் தவறும் இல்லை.

கட்டிடத்தில் சிலர் பெரியவரைப் பூட்டிவைத்துக் கொன்றுவிட்டாள் என்று பேசுகிறார்கள். லிப்டில் நான் ஏறினால் அடுத்த தடவை வருகிறோம் என்று நின்றுவிடுகிறார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் மறுபடியும் வந்துபோகிறார். விசாரிக்க வந்த போலீஸ்காரர் கட்டுப் போட்ட கையைப் பார்த்து, "இது எப்படி ஆச்சு?" என்றார். துணி வெட்டும்போது கத்திரிக்கோல் நழுவிவிட்டது என்றேன். அப்பா போன பிறகும் எனக்கு அது வாயில் வரவில்லை, பார்த்தாயா.

பாலத்துக்கு அந்தப் பக்கம் போட்ட தையல் சீழ் பிடித்துவிட்டது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து டாக்டரம்மாதான் மறுபடி வைத்தியம் பார்க்கிறார். கட்டு மாற்ற அடிக்கடி போகிறேன். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் இன்னும் சரியாக மடங்கவில்லை. ஊசியைப் பிடிக்கலாம், கத்திரிக்கோல் பிடிக்க வரவில்லை. நாளாகும் என்கிறார். முன்பு அவ்வளவு கேள்வி கேட்டவர், இந்த இரண்டு மாதத்தில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

இன்று காலை போனேன். பெஞ்சு நிறைய ஆட்கள். என் முறை வந்தது. அவர் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார், நான் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது.

"டாக்டர், இது எங்க அப்பா பண்ணது. போன தடவை புருவத்துல அடிபட்டதும் அவராலதான்."

குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். ஒரு அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, மடியில் இருந்த குழந்தைக்கு மூக்கைத் துடைக்கப் போய்விட்டார்.

டாக்டரம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "சரிம்மா" என்றார். "கையைக் கொஞ்சம் நேரா வை."

புதுக் கட்டுப் போட்டார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்து வாசலில் நின்றேன். சொல்ல அவ்வளவு நேரம்தான் ஆனது, தம்பி.

நீ வா. வந்து நேரில் கோபப்படு.

அக்கா